அப்பாவின் படத்துக்கு அடித்த ஆணி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடிகாமம் சந்தைக்கு மரக்கறி வாங்க வருகிறவர்கள், வாகை மரத்தடியில் குறடும் கையுமாக நிற்கும் ஜெயசுதனைக் கண்டிருப்பார்கள். வங்கியில் வேலை. ஓய்வுநாளில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வீதியோர மரங்களில் அறைந்திருக்கும் விளம்பரப் பலகைகளைக் கழற்றி, ஆணிகளைப் பிடுங்கி, அடியில் தண்ணீர் ஊற்றுவார். நல்ல காரியந்தான். ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

தன் ரியூசன் வகுப்புப் பலகையை வாகையில் அறைந்திருந்த லெனாட்டை ஒருநாள் சந்தை நடுவில் வைத்துக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார்.

"படிப்பிக்கிற ஆள்தானே நீர்? மரத்துக்கும் உயிர் இருக்கெண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கேல்லையோ?"

சுற்றி நின்ற சனம் சிரித்தது. லெனாட் பலகையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனான். அதைக் கண்ட கடைக்காரர்களும் தங்கள் பலகைகளைத் தாங்களே கழற்றினார்கள். பட்டுப்போய்க்கொண்டிருந்த வாகை மெல்லத் துளிர்த்தது.

கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் மட்டும் குழு கைவைப்பதில்லை. செத்தவீட்டுக்காரரோடு யார் மல்லுக்கு நிற்பது? வெயிலில் வெளிறித் தானாக விழட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

அடுத்த மாதம் ஜெயசுதனின் அப்பா காலமானார். பதாகை வேலையைச் சித்தப்பா சண்முகநாதன் பொறுப்பெடுத்தார். எங்கே கட்டப் போகிறார் என்று கேட்கும் நிலையில் ஜெயசுதன் இல்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சித்தப்பாவோடு சந்தைக்கு வந்தபோதுதான் கண்டார். வாகை மரத்தில் ஆளுயரப் பதாகை. அதில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிவர நீள ஆணிகள். ஓர் ஆணியடியில் பிசின் வடிந்து காய்ந்திருந்தது. குழுவிலுள்ள உதயகலா குறடோடு தள்ளி நின்றாள்.

"நாங்கள் தொடேல்லை அண்ணை. உங்கடை அப்பாவெல்லோ."

அந்த நேரம் பார்த்து லெனாட் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் அதே பலகை.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. உங்கடை அப்பாக்கு ஆணி அடிக்கலாமெண்டால் என்ரை பலகையையும் திருப்பி அடிக்கிறன். பின்னாலை கடைக்காரரும் வருவினம்."

ஜெயசுதன் உதயகலாவிடம் குறட்டை வாங்கினார். சித்தப்பா பதறிப்போனார்.

"டேய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய முந்தி அப்பான்ரை படத்தைக் கழட்டப்போறியோ? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும், சித்தப்பா."

ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினார். கண்ணீரைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. பதாகையைச் சுருட்டிச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார்.

"எங்கடை வீட்டுக் கேற்றிலை கயித்தாலை கட்டுங்கோ. அப்பா அங்கை சிரிச்சுக்கொண்டு இருக்கட்டும்."

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் பதாகையை வாங்கிக்கொண்டார். லெனாட் தன் பலகையைச் சைக்கிளில் கட்டினான். பக்கத்து வேம்பில் இன்னும் மூன்று அஞ்சலிப் பதாகைகள் இருந்தன. உதயகலா அவற்றைப் பார்த்தாள்.

"உதுகளை அண்ணை?"

"அந்தந்த வீட்டை போய்க் கேட்டுத்தான் கழட்டவேணும். நான் வாறன்" என்ற ஜெயசுதன் லெனாட் பக்கம் திரும்பினார். "தம்பி, அண்டைக்கு உம்மைச் சந்தையிலை வைச்சுப் பேசினது பிழை. உமக்கொரு சட்டம், செத்தவீட்டுக்கொரு சட்டமெண்டு வைச்சது அதைவிடப் பெரிய பிழை. விளம்பரமெண்டாலும் கவலையெண்டாலும் மரத்துக்கு ஆணி ஆணிதான். ஊருக்குச் சொல்லுற ஞாயத்தை முதல் எங்கடை வீட்டிலை செய்து காட்டவேணும்."