மூச்சு விடாமல் படிக்கிற பெண்

மூன்றாம் வகுப்பு ரக்ஷிதா ஆங்கிலப் பாடத்தைக் கையில் எடுத்தால் மூச்சு விடாமல் படித்துத் தள்ளுவாள். அப்பா பிரசாத்துக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போகிறவன் அவன். சின்ன வயதில் வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மகளுக்கு அந்த அவஸ்தை இல்லை என்ற நிம்மதியில், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவளைப் படிக்கவைத்துக் காட்டுவான்.

அதனால்தான் பெற்றோர் கூட்டத்தில் கமலா டீச்சர் விடைத்தாளை நீட்டியபோது அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பத்தியைப் படித்துவிட்டுப் பதில் எழுதும் பகுதி அப்படியே காலியாக இருந்தது. வாசிப்பு பிரமாதம், ஆனால் என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறாள் என்றார் டீச்சர். பரீட்சை பயமாயிருக்கும் என்று பிரசாத் மனதைத் தேற்றிக்கொண்டான்.

வீடு திரும்பியபோது அபார்ட்மெண்ட் லிஃப்டின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. “லிஃப்ட் நாட் வொர்க்கிங், யூஸ் ஸ்டெப்ஸ்” என்று கணீரென்று வாசித்தாள் ரக்ஷிதா. வாசித்த கையோடு பொத்தானை அமுக்கிவிட்டு, லிஃப்டுக்காகக் காத்து நின்றாள்.

பிரசாத் அவளைப் படியேற்றிக் கூட்டிப்போனான். வீட்டில், காணாமல்போன ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைப் படிக்கச் சொல்லி, கடைசியில் குட்டி என்னவாயிற்று என்று கேட்டான். அவள் திகைத்துப் புத்தகத்தைப் பார்த்தாள்.

“நான் படிச்சுட்டு இருந்தேன்லப்பா. கதையை எப்படிக் கவனிக்கறது?”

அதில் துடுக்கு இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

பிரசாத் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். தினமும் வார்த்தைகளும் அர்த்தங்களும் எழுத வைத்தான். படிக்கும்போது வரிக்கு வரி நிறுத்திக் கேள்வி கேட்டான். கொஞ்ச நாளிலேயே புத்தகத்தை எடுத்தால் குழந்தைக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. அவன் மனைவி ரஞ்சனா செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள், கச்சிபௌலியில் வேலை. அவள்தான் நடுவில் வந்தாள். “நக்கோ, வேண்டாம், விட்டுடுங்க. அவளுக்குப் படிக்கறதுல இருந்த சந்தோஷமே சத்தம்தான். அதையும் புடுங்கிட்டீங்க.”

அந்தப் பேச்சு அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் காலை ஷிஃப்ட். மகள் எழுவதற்குள் கிளம்பவேண்டும். போகும்முன் ஃபிரிட்ஜ் கதவில் எளிய ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டினான்: அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு கொய்யாப்பழம் இருக்கிறது, அம்மா பார்ப்பதற்குள் சாப்பிட்டுவிடு.

சாயங்காலம் பழத்தைக் காணவில்லை. முதலில் வழக்கம்போலச் சத்தமாக வாசித்துவிட்டுப் பல் தேய்க்கப் போனாளாம். வாயில் பிரஷ்ஷோடு திரும்பி வந்து மறுபடி படித்தாளாம். அப்புறம்தான் அரிசி டப்பாவுக்கு ஓடினாளாம். ரஞ்சனா சொல்லிச் சிரித்தாள்.

அதன்பின் தினமும் ஒரு சீட்டு. ஆனால் பிரசாத்துக்குச் சரக்கு சீக்கிரமே தீர்ந்தது. பால் குடி, குடை எடுத்துக்கொள் என்று எழுத ஆரம்பித்தான். ஒருநாள் சீட்டின் கீழே, பாதிச் சொற்கள் தப்பும் தவறுமாக, பதில் இருந்தது: இது போரடிக்குது. எப்பவும் வேலைதான் சொல்றே. கம்பெனியில நீ என்ன பண்றே?

சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தான். கை ஓடவில்லை. இத்தனை வருஷமாக அவன் எழுதியதெல்லாம் கம்பெனிப் பதிவேட்டில் தொட்டி எண், வெப்பநிலை, சரிபார்க்கப்பட்டது. ஒரு வரி எழுதி அடித்தான். வேறொன்று எழுதி அதையும் அடித்தான். கடைசியில் அன்றைக்கு நடந்ததையே எழுதினான். கம்பெனி பஸ்ஸில் அவன், பக்கத்து சீட்டிலிருந்த வெங்கடராமன் சாரின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். விழித்துப் பார்த்தால் அவர் சட்டையெல்லாம் இவன் எச்சில். சார் அசையவே இல்லை. எச்சில் வடிவதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று ரஞ்சனாவைக் கேட்டான். அவளுக்கும் தெரியாமல் போனில் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

மறுநாள் அவனுக்கு வார விடுமுறை. ரக்ஷிதா யூனிஃபார்மில் வந்து ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள். அவள் குரலுக்காகக் காத்திருந்தான். குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வரிமேல் ஓடிய விரல் பாதியில் நின்று, முந்தின வரிக்குப் போய், அங்கிருந்து மெதுவாக மறுபடி கிளம்பியது.

“அவர் ஏன்ப்பா உன்னை எழுப்பல?”

“தெரியலையே. நீ என்ன நினைக்கறே?”

கீழே ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்தது. அவள் யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.