எண்பத்து நாலு டிகிரி

நான் பார்த்து அனுப்பிய வண்டியை "இன்னொருக்கா பாருங்க" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நாமக்கல்லில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ரூபன் தொட்ட வண்டி திரும்பி வராது என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அறிவுச்செல்வி சனிக்கிழமை சாயங்காலம் போனில் அந்த "இன்னொருக்கா பாருங்க"வையே நான்காவது தடவையாகச் சொன்னார்.

"நாளைக்கு ஒம்போது மணிக்கு வாங்கறவங்க வந்து வண்டிய ஓட்டிட்டுப் போயிருவாங்ணா. அதுக்கு முன்னால, விடியக்காலம் வந்து, சில்லுனு இருக்கறப்ப ஒருக்கா பாருங்க. சூடாயிருச்சுன்னா அது நெம்ப நல்ல புள்ளையாட்ட ஓடும்."

மோகனூருக்குச் சற்று முன்னால் அவர்கள் தோட்டம். வண்டி அறிவுச்செல்வியின் பெயரில் இருக்கிற சின்ன பெட்ரோல் பிக்கப். தினமும் அதிகாலை சுற்றுவட்டாரத்து வாழைத்தார்களை ஏற்றி, அவரே ஓட்டிக்கொண்டு நாமக்கல் மார்க்கெட்டுக்கு வருவார். கார்த்திகை பிறந்ததிலிருந்து வண்டி மக்கர் செய்கிறது என்றார். எடுத்த எடுப்பில் ஆக்சிலேட்டரை மிதித்தால் திக்குகிறதாம், இழுக்க மாட்டேன் என்கிறதாம். பிக்கப் வண்டியிலேயே பிக்கப் இல்லையா என்று கிண்டல்கூடச் செய்தேன்.

மூன்று தடவை பட்டறைக்குக் கொண்டுவந்தார். பதினைந்து கிலோமீட்டர் ஓடி வருவதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடாகிவிடும். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டிப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். அவர் கணவர் மணியனுக்குப் போன் போட்டேன். "வண்டியில ஒண்ணும் இல்லீங்ணா. மிதிக்கிற கால்லதான் கோளாறு" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். மணியன் ஓட்டினால் அந்த வண்டி ஒரு நாளும் திக்கியதில்லை. அதனால் அந்த வீட்டில் என் வார்த்தை அப்படியே நின்றுவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை, அவர்கள் தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் சேரும் இடத்தில், வண்டி நடு ரோட்டில் அணைந்தது. வந்த லாரி பின்பக்க விளக்கைப் பெயர்த்துக்கொண்டு போனது. ஆள் தப்பியது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள்: அறிவுச்செல்வி இனிமேல் ஓட்டக் கூடாது, வண்டியை விற்றுவிட வேண்டும். வண்டி போனால் மார்க்கெட்டுக்குப் போவதும் நின்றுபோகும், அவர் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அதற்குத்தான் ஒன்பது மணி கெடு.

"வாரேன். ஆனா நான் வர வரைக்கும் யாரும் சாவியத் தொடக்கூடாது" என்று சொல்லி வைத்தேன். ஒரு வண்டி ராத்திரியெல்லாம் நின்று குளிர்ந்த பிறகு எடுக்கும் முதல் ஸ்டார்ட் ஒன்றே ஒன்றுதான். அதை விட்டால் அடுத்த நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசையை விட்டுவிட்டுப் பைக்கில் கிளம்பினேன். மார்கழிக் குளிரில் விரல் மரத்துப்போனது. அவர்கள் பாதையில் திரும்பியதுமே இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஆஃப் பண்ணுங்க! ஆஃப் பண்ணுங்க!" என்று கத்திக்கொண்டே போனேன்.

மணியன் வாயில் பிரஷ்ஷோடு அவசரமாகச் சாவியைத் திருப்பினார். "இந்தக் குளுருல அத்தன தூரத்துல இருந்து வாரீங்களே, சூடு பண்ணி வெக்கலாம்னு பாத்தேனுங்க. ஒரு நிமிஷங்கூட ஆவல."

"தெனமும் இப்படித்தான் பண்ணுவீங்களா?"

"ஆமாங்க. நான் எடுக்கறன்னைக்கு ஸ்டார்ட் பண்ணி உட்டுட்டு, பல்லு தேச்சு, டீயக் குடிச்சுட்டுத்தான் ஏறுவேன்."

"அம்மிணி?"

"அவளுக்கு ஏதுங்க நேரம்? சோறாக்கி வெச்சு, தார ஏத்துன கையோட கெளம்பிருவா."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வாய் கொப்பளிக்கப் போனார். ஒரே வண்டி, அவர் ஓட்டுவதற்கும் இவர் ஓட்டுவதற்கும் பத்து நிமிடம்தான் வித்தியாசம். இருந்தாலும் வீம்பு விடுமா? நானே ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். அறிவுச்செல்வி பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

மெயின் ரோட்டுக்கு முந்நூறு அடிதான். பாதையில் ஒரு தடவை லேசாகத் திக்கியது. இது என்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். ரோட்டு ஓரம் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தேன். வலது பக்கம் தூரத்தில் ஒரு வெளிச்சம், தாராளமாகக் கடந்துவிடலாம். ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு மிதித்தேன்.

பாதி ரோட்டில் வண்டி உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது. மிதிக்க மிதிக்க இன்ஜின் வேகம் இறங்கியது. பிறகு அணைந்தது.

வெளிச்சம் தூரத்தில் இல்லை. லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தது, நேராக என் கதவைப் பார்த்து. இருபத்திரண்டு வருட அனுபவம் அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியவில்லை. கிளட்ச்சை மிதித்துச் சாவியைத் திருப்பினேன், பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். ஆக்சிலேட்டரைப் பைத்தியக்காரன் மாதிரி உதைத்தேன்.

"அம்மிணி, எறங்கி ஓடுங்க!"

அவர் இறங்கவில்லை. "கிளட்ச்ச உடுங்ணா! கியர்ல இருக்கறப்பவே சாவியத் திருகுங்க! திருகிப் புடிங்க!"

காலை எடுத்துவிட்டுத் திருகினேன். இன்ஜின் எழவில்லை, ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை இழுத்தது. ஒரு உலுக்கு, இன்னொரு உலுக்கு, இன்னொன்று. லாரியின் காற்று பின்பக்கத்தில் அறைந்தது. ஹாரன் சத்தம் எங்களைக் கடந்து மோகனூர்ப் பக்கம் போனது. நாங்கள் எதிர்ப்பக்க மண்ணில் நின்றுகொண்டிருந்தோம், என் விரல்கள் இன்னும் சாவியை விடவில்லை.

மறைக்க என்ன இருக்கிறது, உயிர்ப்பயம்தான்.

"செவ்வாக்கெழமையும் இப்படித்தானுங்க நவுத்துனேன்" என்றார் அறிவுச்செல்வி. "எப்படித் தப்புச்சேன்னு ஊட்டுல யாரும் கேக்கல."

மணியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். நான் இறங்கி சீட்டைத் தூக்கினேன், அதற்கடியில்தான் இன்ஜின். செல்போன் வெளிச்சத்தில் ஸ்கேனரை மாட்டினேன். இன்ஜின் சூடு எண்பத்து நாலு டிகிரி என்று காட்டியது.

ரேடியேட்டருக்குப் போகும் குழாயைக் கையால் பிடித்தேன். எண்பத்து நாலு என்றால் கை பொத்துப் போயிருக்க வேண்டும். குழாய் சில்லென்று இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. பட்டறையில் மூன்று தடவையும் எண்பத்து நாலுதான். எண்பத்து மூன்றும் இல்லை, எண்பத்தைந்தும் இல்லை. ஓடுகிற இன்ஜின் ஒரே எண்ணில் நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு அந்த எண் நல்ல எண்ணாகத் தெரிந்தது, அவ்வளவுதான். விடியற்காலை குளிரிலும் வண்டி தான் சூடாக இருப்பதாக நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் குறைத்து விடுகிறது. கூடுதல் பெட்ரோல் கேட்கிற குளிர்ந்த இன்ஜின் பட்டினியில் திக்காமல் என்ன செய்யும்?

சூட்டை அளக்கிற சென்சாரின் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். நடுவில் வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி, பிரிக்க வசதியாக, உள்பக்கம் சின்னதாக மடித்துவிடப்பட்டிருந்தது. அப்படி மடித்துவிடுகிற மெக்கானிக் எனக்குத் தெரிந்து நாமக்கல்லில் ஒருத்தன்தான்.

பிரித்தேன். உள்ளே அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டர். மே மாத வெயிலில் சென்சார் போய், புதுசு கிடைக்காமல், அப்போதைக்கு டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்கு அணையட்டும் என்று நான் வைத்தது. அதை வைத்தால் வண்டி எப்போதும் ஒரே சூட்டைக் காட்டும். இன்ஜின் கொதிக்காமலிருக்க ஃபேனை நேராக இணைத்து ஓடவிட்டிருந்தேன். இரண்டு நாளில் மாற்றிவிடலாம் என்று சொன்னேன். அறிவுச்செல்வி இரண்டு தடவை போன் செய்து ஞாபகப்படுத்தினார். "ஓடுதில்ல, உடுங்க" என்றேன். மே மாதத்தில் எந்த விடியற்காலை குளிர்ந்தது, கோளாறு தெரிவதற்கு?

மணியன் குனிந்து பார்த்தார். "என்னங்க, ஒயர எலி கடிச்சுருச்சா?"

தோட்டத்தில் நிற்கிற வண்டி. எலி கடிக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கதவை நோக்கி வந்த அந்த வெளிச்சம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

"எலி இல்லீங்ணா. நான் பண்ணுனது" என்றேன் மணியனிடம். "மே மாசம் வெச்சுட்டு மாத்தாம உட்டுட்டேன். அம்மிணி ஓட்டறதுல ஒரு தப்பும் இல்ல. இப்ப நான் உசுரோட நிக்கறதே அவங்களாலதான்."

மணியன் அந்த ரெசிஸ்டரைக் கையில் வாங்கிப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. வண்டி வாங்குகிறவர்களை வர வேண்டாமென்று சொல்லப் போனை எடுத்தார்.

"உடுங்க, அவங்ககிட்ட நா பேசிக்கறேன்" என்றார் அறிவுச்செல்வி. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்ணா, வண்டி யாருது?"

"உங்களுதுங்க."

"மூணு தடவையும் பட்டறைக்கு ஓட்டியாந்தது யாரு?"

"நீங்கதானுங்க."

"மூணு தடவையும் அவருக்குத்தான் போன் போட்டுச் சொன்னீங்க. இப்பக்கூட அவரு மூஞ்சியப் பாத்துத்தான் சொல்றீங்க." அவர் குரல் உயரவே இல்லை. "எங்கிட்டச் சொல்லுங்க."

திரும்பி நின்றேன். முதல் தடவை சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. மே மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமை வரை ஒன்று விடாமல் அவரைப் பார்த்துச் சொன்னேன். நான் முடிக்கும்வரை அவர் நின்று கேட்டார்.