முப்பத்தேழரை டிகிரி

மின்சாரம் போன மூன்றாம் நாள் காலை பத்தேகாலுக்கு, கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் நடத்தி வந்தவரின் உடம்புச் சூடு தோலோடு நிற்காமல் வெளியே வரத் தொடங்கி, அவரைச் சுற்றி நாலடி தூரத்துக்குச் சரியாக முப்பத்தேழரை டிகிரியில் நிலைத்தது. முட்டை பொரிய வேண்டிய சூடு அதுதான். புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து, ஊரே பதினோரு நாள் இருட்டில் கிடந்த குளிர்மாதம் அது. வீட்டுக்குப் பின்கட்டில் இருந்த இயந்திரத்தில் இரண்டாயிரத்து நானூறு முட்டைகள், மின்சாரம் போன அன்று, அடைவைத்த பதினோராம் நாளில் இருந்தன. ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. அவரும் அவர் மனைவியும் வெந்நீர் கேன்களை அடுக்கிப் பார்த்தார்கள், சாக்குகளைப் போர்த்திப் பார்த்தார்கள், கடைசியில் தட்டுகளைத் தரையில் பரப்பி இருவருமே குப்புறப் படுத்தும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை அவர் ஒரு முட்டையை எடுத்து, தொழில் தெரிந்தவர்கள் செய்வதுபோல மூடிய கண்ணிமை மேல் வைத்தார். குளிர்ந்திருந்தது. நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "போயிடாதீங்கடா" என்று முட்டைகளிடம் ஒரே ஒருமுறை சொன்னார். அதன்பிறகு எட்டு நாள் அவர் அந்த இடத்தை விட்டு எழவில்லை.

மனைவி தட்டுகளை அவரைச் சுற்றிக் கழுத்தளவு அடுக்கினாள். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டு, கடைசி மூன்று நாள் தவிர மற்ற நாளெல்லாம் வேளை தவறாமல் முட்டைகளைத் திருப்பினாள். மின்சாரம் போன பதினோராம் நாள் காலை இரண்டாயிரத்துச் சொச்சம் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. இயந்திரத்தில்கூட அவ்வளவு பொரிந்ததில்லை. அன்று மதியமே மின்சாரம் வந்தது. சூடு மட்டும் நிற்கவில்லை.

மின்தடையால் அவதிப்பட்டவர்களுக்கு இழப்பீடு என்று மின் அலுவலகம் அறிவித்தது. வீட்டு இணைப்புக்கு நாள் கணக்கு, தொழில் இணைப்புக்குக் கெட்டுப்போன சரக்கின் கணக்கு. ஐஸ்கிரீம் கடைக்காரருக்கு வந்தது, மருந்துக் கடைக்காரருக்கு வந்தது. பொரிப்பகக்காரரின் மனைவியும் விண்ணப்பத்தோடு போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தருக்கு ஊரில் உட்பிரிவு என்று பெயர். சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

"கெட்டுப்போன சரக்கு எவ்வளவும்மா?"

"சரக்கு கெடலைங்க. மனுஷன்தான் கெட்டுப்போயிட்டாரு."

"பட்டியல்ல மீன் இருக்கு, பால் இருக்கு, தடுப்பூசி இருக்கு. புருஷன் இல்லையேம்மா."

"அப்ப முட்டைய அழுக விட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"தாராளமா. எட்டாம் விதி, மூணாவது உட்பிரிவு" என்றார் அவர். அவர் குரலில் கிண்டல் துளியும் இல்லை.

ஆனாலும் நேர்மையான மனிதர். ஒரு நாள் நடுப்பகலில் வெப்பமானியோடு வீட்டுக்கே வந்து, பொரிப்பகக்காரர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அளந்தார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பதினான்கு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அனுமதி பெறாமல் வெப்ப ஆற்றல் உற்பத்தி செய்வதற்கு ஏன் அபராதம் விதிக்கக் கூடாது என்று பொரிப்பகக்காரரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர் பக்கத்தில் வைத்த பால் திரிந்தது, சோறு ஊசியது. வெயில் மாதங்களில் மனைவி ஐஸ் கட்டிகளை வாங்கிவந்து சுற்றிலும் அடுக்கினாள்; அவள் முகம் துடைத்துத் திரும்புவதற்குள் அவை வெதுவெதுப்பான தண்ணீராகக் கிடந்தன. ஆற்றில் கழுத்தளவு இறங்கி நின்றார். ஆறு அவரைச் சுற்றி நாலடிக்கு வெதுவெதுப்பாயிற்று, மீன்கள் வந்து காலடியில் கூடின. அவர் கேட்டதெல்லாம் ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர். மனைவி நாலடிக்கு அப்பால் நின்று ரப்பர் குழாய் வழியாகப் பாய்ச்சிப் பார்த்தாள், வாளியோடு ஓடிவந்து முகத்தில் வீசிப் பார்த்தாள். எப்படிக் கொடுத்தாலும் அவர் நாக்கை அடையும்போது அது முப்பத்தேழரை டிகிரியாகத்தான் இருந்தது. ஒருமுறை அவர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோலத் தேம்பினார். அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

நாலு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டும் இளைத்தார். எண்பத்தாறு கிலோ இருந்தவர் நான்காம் வருடம் நாற்பத்தொன்றுக்கு வந்தார். பொரிப்பகத்தை மூடி, இயந்திரங்களை விற்று, மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றிக்கொண்டார்கள். அரசு மருத்துவமனை டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "உள்ளே இருக்கறதை எடுத்து எரிக்கிறார். அசையாமப் படுத்திருந்தா கொஞ்ச காலம் ஓட்டலாம். குளிர்ந்த பொருள் எதையும் பக்கத்துல வெச்சுச் சூடாக்காதீங்க. அது இவரைத்தான் தின்னும்." அன்றிலிருந்து மனைவி ஈரத்துணியைக்கூட அந்த அறைக்குள் கொண்டுபோகவில்லை.

அந்த வருடக் குளிர்காலத்தில் துணைமின் நிலையம் எரிந்து ஊர் மறுபடி இருண்டது. மருத்துவமனை ஜெனரேட்டர் ஒன்றரை நாள் ஓடி மூச்சை விட்டது. இரண்டாம் நாள் மதியம் ஒரு காய்கறி வண்டி வந்து வாசலில் நின்றது. தலைமை நர்ஸ் இறங்கினாள். வண்டிக்குள் இன்னொரு நர்ஸ் மடியில் துண்டு சுற்றிய ஐந்து குழந்தைகள், ஒவ்வொன்றும் முழங்கை நீளம்கூட இல்லை.

மனைவி இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்மா. அவருகிட்ட எரியறதுக்கு இனி எலும்புதான் பாக்கி."

"தெரியும்க்கா. போன வாரம் அவர் எடையை நான்தானே பார்த்தேன்."

"தெரிஞ்சே வந்திருக்கியா?"

"தெரிஞ்சேதான் வந்திருக்கேன்."

தலைமை நர்ஸ் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் குரல் நடுங்கவில்லை. உள்ளேயிருந்து அவர் கேட்டார்: "எத்தனையாவது நாள்?"

நர்ஸுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சொன்னாள்: "எல்லாம் ஏழாம் மாசத்துக் குழந்தைங்க."

"அடேயப்பா, இன்னும் நிறைய நாள் இருக்கே. கொண்டா இங்க."

மனைவி கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள். மனமுவந்து எடுத்தாள் என்று சொல்ல முடியாது. கட்டிலில் அவரைச் சுற்றிக் குழந்தைகளை வைத்தார்கள். நர்ஸ் வெப்பமானியால் அளந்து ஒவ்வொரு துண்டையும் ஒரு சாண் தள்ளி வைத்தாள். மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீரும் கஞ்சியுமாகக் கரண்டி கரண்டியாக அவருக்கு ஊட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு கரண்டி போட்டால் இரண்டு கரண்டி குறைந்தது. அவள் கண்ணெதிரில் கன்னம் போயிற்று, தோள் போயிற்று, போர்வைக்குக் கீழே முழங்கால்கள் இருந்த மேடு தணிந்தது. "போதும்னு சொல்லுங்க, தூக்கிட்டுப் போகச் சொல்றேன்" என்று அவள் கெஞ்சினாள். அவர் ஒரு குழந்தையைக் கண்ணால் காட்டி, "இது இன்னிக்கு நல்லா இழுத்து மூச்சு விடுது பாரு" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

ஆறாம் நாள் காலை பதினோரு மணிக்கு, விரிப்பை மாற்ற அவள் போர்வையைத் தூக்கினாள். கீழே யாரும் இல்லை. தலையணையில் பள்ளம் இருந்தது. ஐந்து குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. வெப்பமானி முப்பத்தேழரையைக் காட்டியது. குழந்தைகள் எழுந்துவிடுமே என்று அவள் கத்தவில்லை. கொல்லைக்குப் போய், காலி டிரம்முக்குள் தலையை விட்டுக் கத்தினாள்.

எட்டாம் நாள் மின்சாரம் வந்தது. உடம்பு இல்லை, சூடும் இயல்பாக இருக்கிறது, எப்படி இறப்புச் சான்றிதழ் தருவது என்று டாக்டர் கையைப் பிசைந்தார். உட்பிரிவு தானாகவே இழப்பீட்டு விண்ணப்பத்தோடு வந்து, அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். எந்த விதியையும் சொல்லவில்லை. படிவத்தைத் தன் கையாலேயே நிரப்பினார். மின்சாரம் திரும்பிய தேதி என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அவள் பார்த்தாள். அவரும் பார்த்தார். "இந்த வீட்டுக்கு இன்னும் வரலைன்னுதான் கணக்கு" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் நாள் கணக்கு இழப்பீடு வந்துகொண்டிருக்கிறது. எழுத்தர் ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மருத்துவமனையில் இடம் போதாத நாட்களில் இப்போதும் குழந்தைகளை அங்கேதான் அனுப்புகிறார்கள். போன வாரம் ஒரு இளம் தாய், குழந்தையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெறும் கட்டிலைப் பார்த்துத் தயங்கி நின்றாள். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கொஞ்சம் இடது பக்கமா போடும்மா. அவரு வலது பக்கம் ஒருக்களிச்சுத்தான் படுப்பாரு."