சின்னவீடும் சின்ன வீடும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும், இரண்டு வீடுகளையும் சீசன் வாடகைக்கு விடுவதாக நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டாள் ஜெயசித்ரா, இசக்கியப்பனின் மருமகள். ரோட்டைப் பார்த்து நிற்பது பெரிய வீடு. பின்னால் தென்னைகளுக்கு நடுவில் இருப்பது சின்ன வீடு. ஆனால் நோட்டீஸில் இரண்டு சொல்லையும் ஒட்டி அச்சடித்திருந்தார்கள்: ‘சின்னவீடு வாடகைக்கு. குடும்பத்தினருக்கு மட்டும்.’

தென்காசி டீக்கடையில் இசக்கியப்பன் இருக்கும்போதே பரீது அதை உரக்க வாசித்தார்.

“என்ன அண்ணாச்சி, சின்னவீடு வாடகைக்காம்லா? அதுக்கும் குடும்பத்தோடதான் வரணுமாம்!”

கடையே சிரித்தது. இசக்கியப்பனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டீயைக் குடித்து முடித்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, முதுகு வளையாமல் வெளியே வந்தார்.

சிரித்தவர்களுக்கு எல்லாம் தெரியும். அந்த வீட்டை அவருடைய அப்பா கட்டியது குருவம்மாளின் அம்மாவுக்காக. தாலி கட்டாத உறவு. அந்த உறவுக்குச் சாட்சியாகப் பிறந்த குருவம்மாள் அதே வீட்டில் வளர்ந்து, அங்கேயே நரைத்தும் போனாள். போன மாதம் அந்த அம்மா இறந்தபோது கொள்ளி வைக்க ஆள் தேடினார்கள். மகன் முறை இசக்கியப்பன்தான். அவர் தெருமுனையில் குடையைப் பிடித்துக்கொண்டு, அக்கம்பக்கத்தார் நிற்பதைப் போல நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பாரா என்று அவர் யோசிக்கவும் இல்லை.

இப்போது அந்த வீடு வாடகைக்கு. சீசன் முடியும்வரை குருவம்மாள் பெரிய வீட்டுச் சமையற்கட்டில் படுத்துக்கொள்ளலாம் என்று ஜெயசித்ரா சொல்லியிருந்தாள். இசக்கியப்பன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அச்சகத்தில் மசூது மட்டும் இருந்தான். இசக்கியப்பன் நோட்டீஸை மேசையில் வைத்தார். கூட்டுறவுச் சங்கத்தில் தலைமை எழுத்தராக இருந்து, எத்தனையோ பேரின் கடிதத் தமிழைத் திருத்தியவர் அவர்.

“சேத்து எழுத ஒரு முறை இருக்குலே. ரெண்டு சொல்லும் கூடி வேற ஒரு அர்த்தம் வந்தாத்தான் சேக்கணும். வீடு சின்னதுன்னு மட்டும் சொல்லணும்னா பிரிச்சுத்தான் எழுதணும்.”

“அப்போ நான் சரியாத்தான அண்ணாச்சி அடிச்சிருக்கேன்?” என்று சிரித்தவன், அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். “வேணும்னா நடுவுல ஒரு சின்னக் கோடு போட்டுருவமா? சேந்த மாதிரியும் இருக்கும், சேராத மாதிரியும் இருக்கும்.”

இசக்கியப்பன் கொஞ்சநேரம் அந்தத் தாளையே பார்த்தார். தொட்டும் தொடாமலும் அந்த அம்மாவையும் மகளையும் இத்தனை வருடம் வைத்திருந்தது அப்படித்தான்.

“கோடு வேண்டாம். பிரி. நல்லாத் தள்ளிப் பிரி.”

புது நோட்டீஸும் வாசலில் மாட்ட ஒரு பலகையும் தயாராயின. பலகையை அவரே கொண்டுபோனார். குருவம்மாள் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“சின்ன… வீடு.” நடுவில் இருந்த இடத்தை விரலால் தொட்டாள். “எங்கம்மா இருந்த வரைக்கும் ஊரு சேத்துத்தான் சொல்லிச்சு அண்ணாச்சி. இப்பப் பிரிச்சுட்டீய. பாக்க நல்லாத்தான் இருக்கு.”

ஊரில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் அப்படியே கூப்பிட்டாள்.

“மூட்டை எதுக்கு குருவம்மா?”

“அச்சன்புதூர்ல ஒரு சத்துணவு ஆயா வீட்டுல மாடி சும்மாக் கெடக்காம். அங்கன போறேன். சமையக்கட்டுல படுக்க எனக்கு ஏலாது.”

‘இரு’ என்று ஒரு சொல் போதும். அது நாக்குவரை வந்தது. ஏன் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டால், பதிலுக்கு இன்னொரு சொல் வேண்டும். அந்தச் சொல்லை அவர் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

“மழைக்கு முன்னால போயிரு” என்றார்.

அவள் சாவியைப் பலகையின் மேல் வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். ரோட்டில் பஸ் வந்து நின்று போகும் சத்தம் கேட்டது. அவர் ஆணி அடித்துப் பலகையை மாட்டினார். கோணலா என்று தள்ளி நின்று பார்த்தார். நேராகத்தான் இருந்தது. கட்டைவிரலில் சுத்தியல் பட்டு ரத்தம் கட்டியிருந்ததை அப்புறம்தான் கவனித்தார். வலிக்கவில்லை.

பெரிய வீட்டிலிருந்து ஜெயசித்ரா போனோடு ஓடிவந்தாள். “மாமா, மதுரைப் பார்ட்டி. எனக்கு அடுப்புல வேலை இருக்கு, நீங்க பேசுங்க.”

காதில் வைத்தார். அந்தப் பக்கம் யாரோ குழந்தைகளை அதட்டிவிட்டுக் கேட்டார்:

“அண்ணாச்சி, அந்தச் சின்னவீடு காலியா இருக்கா?”

சேர்த்துக் கேட்டாரா பிரித்துக் கேட்டாரா என்று சொல்ல முடியவில்லை. வாயால் சொல்லும்போது நடுவில் இடம் எங்கே இருக்கிறது?

“காலிதான்” என்றார் இசக்கியப்பன்.