நட்டுக்குள் சணல்

"குச்சியைக் கிழிக்காத புள்ள! கீழ போடு!"

கத்திக்கொண்டே சமையலறைக்குள் பாய்ந்தார் பொன்னுத்துரை. அடுப்பு முன்னால் நின்ற கருப்பம்மாவின் கையை ஓங்கித் தட்டினார். தீப்பெட்டி பறந்துபோய்ப் பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீரில் விழுந்தது. மனைவியின் தோளைப் பிடித்துப் பின்வாசல் வழியாக வெளியே தள்ளினார். தானும் குதித்தார். சுவரோரம் நின்ற சிலிண்டரின் வால்வை இரண்டு கையாலும் இறுக்கித் திருகினார்.

அப்புறம்தான் மூச்சு வந்தது.

"ரூம் பூரா கேஸு. உனக்கு மூக்கு இல்லியா?"

"நாலு நாளா சளி" என்றாள் கருப்பம்மா. "காப்பி கேட்டாங்க..."

காப்பி கேட்டது திருப்பூரிலிருந்து வந்த குடும்பம். முன்னறையில் இரண்டு குழந்தைகள் மெத்தை மேல் குதித்துக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் அந்தக் குழந்தைகள், அவள், பங்களா, எதுவுமே மிஞ்சியிருக்காது. பொன்னுத்துரை அவர்களைப் புல்தரைக்கு விரட்டினார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். பிக்கட்டி மலைப் பக்கமிருந்து வந்த குளிர்காற்று வீட்டுக்குள் புகுந்து நாற்றத்தை அள்ளிக்கொண்டு போனது.

பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போன வருஷம் அது. எஸ்டேட் மேனேஜர் துரை குடியிருந்த பங்களாவை எஸ்டேட்காரர்கள் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். எடுத்தவர் கோயம்புத்தூர் பம்ப்செட் வியாபாரி குமாரசாமி. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். பொன்னுத்துரைக்கு ஃபிட்டர் வேலை, கருப்பம்மாவுக்குச் சமையல் வேலை. தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் நீராவிக் குழாயோடு குடித்தனம் நடத்திய பொன்னுத்துரைக்கு, அங்கிருந்து நிறுத்தப்பட்ட பிறகு கிடைத்த ஒரே பிழைப்பு இதுதான். இதுவும் போனால் தொழிலாளர் லயத்து வீட்டில் அடுப்பு எரியாது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. விஷயம் கேட்ட குமாரசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"ஏனுங்க பொன்னுத்துரை! தலப்பாடா அடிச்சுக்கிட்டனுங்களே, ஜாயிண்டுக்குப் பசை போடுங்கன்னு! கேட்டீங்களா?"

போன வாரம் கேஸுக்குச் செப்புக்குழாய் இழுத்தபோதே நடந்த சண்டை இது. அடுப்புக்குப் பின்னால் வருவது கம்ப்ரஷன் ஜாயிண்ட். குழாயின் மேல் ஒரு பித்தளை வளையம். நட்டை முறுக்கினால் வளையம் நசுங்கிக் குழாயைக் கவ்விக்கொள்ளும். பித்தளையும் செம்பும் நேருக்கு நேர் அழுந்துவதுதான் அங்கே அடைப்பு. நீராவிக் குழாய் மாதிரி சணல் சுற்றி வெள்ளைப் பசை தடவினால் காரியம் கெட்டது.

"மறுபடியும் சொல்றேன் மொதலாளி" என்றார் பொன்னுத்துரை. "அந்த எடத்துல பசை போடுறது, மாப்புள்ளைக்கும் பொண்ணுக்கும் நடுவுல மாமியாக்காரி பாய் விரிச்ச மாதிரி. ரெண்டும் ஒட்டாது. நான் போடல. போடவும் மாட்டேன்."

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்லீங்க! வூடே வெடிச்சிருக்கும். உங்க ஜாயிண்ட் ஒழுகியிருந்தா, இன்னிக்கே சாவியக் குடுத்துட்டு நடையக் கட்டுங்க."

"ஒழுகலேன்னா?"

"உங்க கால்ல உழறனுங்க. போதுமா?"

சோப்பு நுரையோடு உள்ளே போனார்கள். பொன்னுத்துரை வெளியே சிலிண்டரருகே நின்ற கருப்பம்மாவிடம் வால்வை மயிரிழை திறக்கச் சொல்லி, ஜாயிண்டின் மேல் நுரையைத் தடவினார்.

குப்குப்பென்று குமிழி.

குமாரசாமி சாவிக்காகக் கையை நீட்டினார்.

"மூடு புள்ள" என்றார் பொன்னுத்துரை. ஸ்பானரை எடுத்தார். நட்டு அரைச் சுற்றிலேயே லொடலொடவென்று கழன்றது. பின்னுக்குத் தள்ளினார்.

உள்ளே வெள்ளைவெளேரென்று பசை. வளையத்தைச் சுற்றிச் சணல். அடுப்புச் சூட்டில் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது.

ஸ்பானர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"இது... நான் போடல."

யாரோ அவர் முறுக்கிய நட்டைக் கழற்றியிருக்கிறார்கள். யாரோ சணலைத் திணித்திருக்கிறார்கள். அவர் விடுக்கென்று திரும்பினார்.

"நீங்கதான் மொதலாளி! பசை, பசைன்னு நின்ன ஒரே ஆளு நீங்கதான்!"

"மருதமலையான் சத்தியமா, நான் அஞ்சு நாளா கோயமுத்தூர்லீங்க! இப்பத்தானுங்களே மேல ஏறி வர்றேன்!"

"அப்ப வேற எவனோ என் பொஞ்சாதியக் கொல்லப் பாத்திருக்கான். போலீசக் கூப்புடுங்க. எவன்னு எனக்குத் தெரியணும்!"

குமாரசாமியும் வெலவெலத்துப் போயிருந்தார். கூடத்துத் தொலைபேசியை நோக்கி நடந்தார்.

"வேணாங்க முதலாளி."

கருப்பம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். ஈரமில்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தச் சணலப் பாருங்க" என்றாள் புருஷனிடம். "முனையப் பாருங்க."

பொன்னுத்துரை குனிந்தார். சணலின் முனை இரண்டாக மடித்து, முறுக்கி, சுற்றுக்கு அடியில் செருகப்பட்டிருந்தது. இந்த மலையில் ஒரே ஒரு ஃபிட்டர்தான் அப்படிச் செருகுவான். அந்த ஃபிட்டர் அவரேதான்.

"நேத்து மத்தியானம். சோறு தின்னுட்டு எந்திரிச்சுப் போனீங்க. பைய எடுத்தீங்க. கழட்டுனீங்க, சுத்துனீங்க, தடவுனீங்க. நான் இந்த எடத்துலதான் நின்னேன். முதலாளி பேச்சைக் கடைசியில கேட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கென்ன விசரா, பைத்தியமா?" அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "நேத்து மத்தியானம் நான் படுத்துக் கெடந்தேன் புள்ள."

"அப்பிடித்தான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

குமாரசாமி கூடத்து வாசலிலிருந்து திரும்பி வந்து நட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"முப்பது வருஷம்!" பொன்னுத்துரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஃபேக்டரி ஸ்டோருல ஒரு ஜாயிண்ட் ஒழுகுனது உண்டா? வெல விழுந்துச்சுன்னு நாப்பது பேரை நிப்பாட்டுனாங்க, அதுல நானும் ஒருத்தன். இல்லேன்னா இன்னிக்கும் நான் அங்க ஹெட் ஃபிட்டரு!"

கருப்பம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பசை அப்பிய அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிப்பாட்டுனது முப்பத்தொம்பது பேருங்க. அந்த லிஸ்டுல உங்க பேரு இல்ல. உங்ககூட வேலை பாத்த பாலு ஆவிக் குழாயக் கழட்டிக்கிட்டு இருக்கையில நீங்க வால்வைத் தொறந்து விட்டீங்க. அவன் கை ரெண்டும் வெந்துபோச்சு. நீங்களே அவனைத் தூக்கிக்கிட்டு ஓடுனீங்க, 'எந்தப் பாவிடா தொறந்தது'ன்னு கேட்டுக்கிட்டே. அன்னிக்கு ராத்திரிதான் தொரை என்னையக் கூப்புட்டுச் சொன்னாரு, வெல விழுந்துதான் நிப்பாட்டுனோம்னு உங்ககிட்டச் சொல்லிடச் சொல்லி."