ஊற்றில் கலந்த குளிர்நீர்

சிம்பெலின் மலைக்கு எங்கள் ஊரில் யாரும் பயந்ததில்லை. அது எரிந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்தவர்களைப் பார்த்தவர்களும் இல்லை. அதன் சரிவில் மிளகாய் செழித்தது. அடிவாரத்தில் பாறையிலிருந்து வரும் வெந்நீரைத் தொட்டி கட்டித் தேக்கி, ஊரே குளித்தது.

அடுத்த முகட்டில் எரிமலைக் கண்காணிப்பு நிலையம் வந்தபோது, அங்கிருந்த விர்யோ சார் என் அக்கா ரூலியாவிடம் ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்தார்.

"தொட்டியில தினமும் ஒரே இடம், ஒரே நேரம். இடத்த மாத்தினா எல்லாம் வீணாப் போயிடும்மா," என்றார்.

அக்கா விடியற்காலையில் தொட்டியின் மூலைக்கல்லருகே அளப்பாள். எண்ணைப் போனில் அவருக்குச் சொல்வாள். அந்த மூலையை ஒரு நாளும் மாற்றவில்லை.

அத்தை மகன் தெர்கெலினுக்கு அது பெரிய வேடிக்கை. முறைப்பெண்ணைச் சீண்ட அவனுக்கு வேறு காரணம் வேண்டுமா?

"என்னடி டாக்டரம்மா, மலைக்குக் காய்ச்சலா?"

"மலைக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் வாய்க்கொழுப்பு. வா, உன் வாயில வச்சுப் பாக்குறேன்."

"வையேன். அந்தச் சாக்குலயாவது கிட்ட வருவ."

தொட்டியிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அக்கா அவன்மேல் தண்ணீரை வாரி இறைத்தாள்.

கருவியில் சின்னச் சின்ன அதிர்வுகள் பதிவாகின்றன என்று விர்யோ சார் சொன்னது அந்த வருட மிளகாய் அறுவடைக்குச் சற்று முன்புதான். "அதிர்வு வரும், போகும். ஊற்றுச் சூடும் சேர்ந்து ஏறினா சரிவுல ஒருத்தரையும் இருக்க விடமாட்டேன்," என்றார்.

தெர்கெலின் அப்போது சரிவிலேயே தங்கியிருந்தான். மிளகாய் பழுக்கும் சமயத்தில் காட்டுப்பன்றி இறங்கும். தோட்டத்துக் குடிலில் ஆள் இல்லாவிட்டால் ஒரு செடி மிஞ்சாது. சோறு வாங்க ஊருக்கு வந்தவனிடம் அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

அவன் விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்டான். "நீ என்ன சொல்ற? இறங்கிடவா?"

"சூடு ஏறலயே."

"அப்ப இருக்கேன். நீ இறங்குன்னு சொல்லு, பழத்த அப்படியே போட்டுட்டு வந்துடுறேன். ஆபீசர் சொன்னா வரமாட்டேன். நீ சொன்னா வருவேன்."

அதே வாரம் ஒரு மாலையில் அவனுடைய அம்மா குவெத்தே அத்தை குளித்துவிட்டுச் சிவந்த தோளோடு வந்தார். "தண்ணியா அது? கோழியப் போட்டா றெக்கை உரிஞ்சிடும். பச்சப்புள்ளைகளை எப்படிக் குளிப்பாட்டுறது?" என்று, சோறு வாங்க வந்திருந்த மகனிடம் கத்தினார்.

அவன் இருட்டுவதற்குள் மூங்கில் வெட்டி, பக்கத்து ஓடையிலிருந்து தொட்டிக்குக் குளிர்ந்த நீரைத் திருப்பிவிட்டான். குழாயின் வாயில் ஒரு கந்தல் அடைப்பு. கை பொறுக்கும் அளவுக்குத் திறந்துகொள்ளலாம்.

அக்கா மறுநாள் அந்த மூங்கிலைப் பார்த்தாள். குழந்தைகளுக்கு நல்லதுதான் என்றுகூடச் சொன்னாள். பிறகு மூலைக்கல்லருகே குனிந்து அளந்தாள். எண் வழக்கம்போல இருந்தது.

அதன்பின் பெண்கள் குளிக்க வரும்போதெல்லாம் கந்தலை இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்கள். பாறைநீரின் சூடு ஏற ஏற ஓடைநீர் கூடியது. தொட்டியின் சூடு மலையின் சூடாக இல்லை. எங்கள் உடம்பு பொறுக்கிற சூடாக இருந்தது. அதைத்தான் அக்கா தினமும் பிசகில்லாமல் அளந்து அனுப்பினாள்.

அறுவடை தொடங்கிய அன்று நடுப்பகலில் மலை வெடித்தது. கருமேகம் சரிவை மூடி இறங்கியது. ஊரில் சாம்பல்தான் கொட்டியது. தேவாலயத்துக்குள் ஓடி நாங்கள் தப்பித்தோம். அக்கா வாசலில் நின்று சரிவைப் பார்த்து, "இறங்கு, இறங்கு" என்று கத்திக்கொண்டே இருந்தாள். யாருக்கும் அவளை உள்ளே இழுக்கத் தெம்பில்லை.

தெர்கெலினைக் குடிலுக்குள்ளேயே கண்டெடுத்தார்கள்.

விர்யோ சார் தொட்டியைப் பார்த்துவிட்டுத் தேவாலயத்துக்கு வந்தார். முகமெல்லாம் சாம்பல். "மூங்கில் எப்ப வச்சது?" என்று மட்டும் கேட்டார். அக்கா சொன்னாள். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு தடவையாவது நான் கீழ வந்து பாத்திருக்கணும்," என்றார். அதைக் கேட்டும் அக்காவின் முகம் மாறவில்லை.

குவெத்தே அத்தைதான் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"சூடா இருக்குன்னு மொதல்ல கண்டுபிடிச்சது நான்தான்டி. எனக்குத் தெரிஞ்சுது. ஆனா உங்கிட்ட சொல்லாம அவங்கிட்ட சொன்னேன். அவன் சரிபண்ணிட்டான்."

"நான் மூங்கிலைப் பாத்தேன் அத்தை. தினம் பாத்தேன்."



இப்போது மலை அடங்கிவிட்டது என்கிறார்கள். ஆனாலும் அத்தை காலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். கிணற்றுத் தண்ணீர் கசக்கிறது, நாய் சாப்பிடவில்லை, கால் ஏனோ குளிர்கிறது என்று தோன்றியதையெல்லாம் அக்காவிடம் சொல்வார். அக்கா ஒன்றையும் விடாமல் விர்யோ சாருக்குப் போனில் சொல்வாள். அத்தையின் கால் குளிர்வதையும்.