கற்பூரத் தண்ணீர்

விடிந்ததிலிருந்து அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கை கடுக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஆனால் ஆஸ்பத்திரி என்றால் மட்டும் தலையாட்டி மறுத்தாள். வாயுவாம். வாயுவுக்கு இப்படி வேர்க்குமா, அதுவும் ஏற்காட்டுக் குளிரில்?

என் அம்மா ஜமீலா பிடிவாதக்காரி இல்லை. பிடிவாதக்காரி ஆக்கிவிட்டார்கள். கொரோனா வந்த வருஷம் மூச்சுத்திணறலோடு என்னைப் பெற்ற அத்தாவைச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஏரிக்கரையில் மிளகும் காபித்தூளும் விற்றுக்கொண்டு, மலையை விட்டு இறங்காத மனுஷன். அவரைப் பார்த்து வார்டுக்காரன், "உங்காளுங்கதானே ஊரெல்லாம் பரப்புனாங்க" என்றான். அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த வாரமே அத்தாவைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். குளிப்பாட்ட விடவில்லை, கபன் துணி போர்த்த விடவில்லை, முகத்தைக்கூடக் காட்டவில்லை. குளிப்பாட்டாமல் அனுப்பிவிட்டேனே என்று அம்மா புலம்பாத நாள் இல்லை. நோய்க்குப் பயந்தார்கள், சரி. அந்தப் பேச்சு எந்த நோயில் வந்தது?

தம்பி ஆசிக் ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு அவள் காலைப் பிடித்துக் கெஞ்சினான். கடைசியில் மனம் இறங்கினாள்.

"வர்றேன் சாமி. குளிச்சிட்டு வந்தர்றேன்."

உடம்பெல்லாம் வேர்வை, குளிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். சம்மதித்ததே பெரிது என்றிருந்தது.

குளியலறைக் கதவு வெகுநேரம் திறக்கவே இல்லை. தண்ணீர் விழும் சத்தம் நிற்கும், மறுபடி விழும். தட்டித் தட்டிக் கை வலித்தது. வெளியே வந்தபோது அவளுக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. இருவருமாகத் தாங்கிப் பிடித்து ஏற்றினோம்.

மலைப்பாதை வளைவில் என் தோளில் சாய்ந்தாள். அப்போதுதான் அவள் தலைமுடியில் கற்பூர வாசம் அடித்தது. இறந்தவர்களின் மய்யித்தைக் குளிப்பாட்டும்போது கடைசித் தண்ணீரில் கலக்கிற கற்பூரம். ஏம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"அங்க நம்மள யாரு கண்ணு குளிப்பாட்டறாங்க?" என்றாள்.

அடிவாரம் தாண்டும்போது அவள் கை என் கைக்குள் சில்லிட்டுக் கிடந்தது. பக்கத்தில் இருந்தது அதே ஆஸ்பத்திரிதான். கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆசிக் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

லூர்துசெல்வி என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த நர்ஸ் அருகில் வந்து, மெதுவாக என் முதுகில் கை வைத்தார்.

"ஏனுங்க, உங்க முறைப்படி இங்கயே குளிப்பாட்டிக்கலாமுங்க. பின்னால ரூம் இருக்குதுங்க. தண்ணி சூடு பண்ணச் சொல்லட்டுங்களா?"

இந்தக் கேள்வியை அன்றைக்கு ஒருத்தர் கேட்டிருந்தால் என் அம்மா இப்போது உயிரோடு இருந்திருப்பாள்.

"அவங்க குளிச்சிட்டுத்தானுங்க வந்தாங்க" என்றேன்.

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.